ஸ்டியரிங்கைக் கழற்றிப் பூட்ட வேண்டாம், தம்பி

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

“ஐயா, என்னிடம் 1991ஆம் ஆண்டு மாஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் கார் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் காலி வீதியில் தண்ணீருக்குள் மறைந்திருந்த குழியொன்றில் முன் இடச் சில்லு பலமாக விழுந்தது. அதற்குப் பிறகு நேராக ஓடும்போது ஸ்டியரிங் இடப்பக்கமாக ஒரு விரல் அகலம் திரும்பி நிற்கிறது. கையைத் தளர்த்தினால் கார் மெல்ல இடப்பக்கம் போகிறது. இரண்டு இடங்களில் எலைன்மென்ட் (சில்லுகளின் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை) செய்தேன். முதல் தடவை இரண்டு கிழமை நன்றாக இருந்தது, பிறகு பழையபடி. இரண்டாவது தடவை அந்த இரண்டு கிழமையும் இல்லை. முன் இட டயரின் உள்விளிம்பு தேய்கிறது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர், ஸ்டியரிங்கைக் கழற்றி அதன் தண்டில் ஒரு பல் தள்ளிப் பூட்டினால் வேலை முடிந்துவிடும் என்கிறார். செய்யலாமா? இரண்டாவது இடத்தில் தந்த தாளின் பிரதியை இணைத்திருக்கிறேன்.”

தம்பி, செய்ய வேண்டாம். ஸ்டியரிங் கோணலாக நிற்பது உங்கள் கார் தருகிற தகவல். கழற்றித் தள்ளிப் பூட்டினால் அந்தத் தகவல் மறையும், கீழே இருக்கும் பழுது அப்படியே இருக்கும். ஸ்டியரிங் நேராக நிற்கும்போது ரக்கும் (இடமும் வலமும் ஓடிச் சில்லுகளைத் திருப்பும் பல் தண்டு) அதன் ஓட்டத்தின் சரி நடுவில் நிற்க வேண்டும். நடுவை விட்டால் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் திரும்பும். சில கார்களில் சிக்னல் தானாக விழுவதும் ஒரு பக்கம் முந்தும், மறுபக்கம் பிந்தும். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் என்றால் அதற்குள் இருக்கும் சுருள் வயர் அறுந்துபோகவும் இடமுண்டு.

வேறு யாரும் முன்னரே அப்படித் தள்ளிப் பூட்டியிருக்கிறார்களா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்டான்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கைவைக்க வேண்டாம். ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இடப்பக்கம் முடியுமட்டும் மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து வலப்பக்கம் முடியுமட்டும் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்து நிறுத்தினால் ரக் நடுவில் நிற்கிறது. அப்போது டேப் உச்சியில் இருந்தால் ஸ்டியரிங் சரியான இடத்தில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. கோணல் கீழே எங்கோ இருக்கிறது. டேப் உச்சியில் இல்லாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அதை முதலில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் மற்றவை.

காரை இறக்குவதற்கு முன்னர் இரு பக்க டை ரொட்களிலும் (ரக்கைச் சில்லோடு இணைக்கும் தண்டுகள்) வெளியே தெரியும் மரையை எண்ணிப் பாருங்கள். ஓரிரு மரை வித்தியாசம் பரவாயில்லை. ஒரு பக்கம் நிறையக் கூடியிருந்தால், எலைன்மென்ட் செய்தவர்கள் எட்டியது கைக்கு வசதியான பக்கத்தை மட்டும்தான்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். நீங்கள் அதை இணைத்தது நல்ல காரியம். பெரும்பாலானோர் முன் சில்லுக்குரிய எண்கள் பச்சையாக, அதாவது அளவுக்குள், இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. உங்கள் தாளில் முன் டோ இரு பக்கமும் பச்சை. பின் சில்லுகளைப் பாருங்கள். பின் இடது 0.30 பாகை வெளிநோக்கி, பின் வலது 0.20 பாகை உள்நோக்கி. வேலைக்கு முன்னும் பின்னும் அதே எண்கள். அதாவது பின்பக்கத்தை எவரும் தொடவில்லை.

இடச் சில்லு வெளிநோக்கி இருந்தால் அது இடப்பக்கம் பார்க்கிறது. வலச் சில்லு உள்நோக்கி இருந்தால் அதுவும் இடப்பக்கம்தான் பார்க்கிறது. இரண்டும் சேர்ந்து சராசரியாகக் கால் பாகை இடப்பக்கம் காரைத் தள்ளுகின்றன. கார் நேராகப் போக வேண்டுமென்றால் முன் சில்லுகளும் அதே கால் பாகை இடப்பக்கம் திரும்பி, பின் சில்லுகளுக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். உங்கள் கை அதைத்தான் செய்கிறது. கார் நேர்கோட்டில் போனாலும் அதன் உடல் நண்டு போல கொஞ்சம் சாய்ந்து போகிறது. சில்லில் கால் பாகை என்பது ஸ்டியரிங்கில் பதினைந்து பதினெட்டு மடங்காகப் பெருகும், கிட்டத்தட்ட நான்கு பாகை. உங்கள் ஸ்டியரிங்கின் விளிம்பில் அதை அளந்தால் ஒரு விரல் அகலம். நீங்கள் எழுதிய அளவும் தாளின் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருகின்றன. ஆகவே இரண்டாவது எலைன்மென்டுக்குப் பிறகும் நிற்கும் இந்தக் கோணலுக்குக் காரணம் முன்பக்கத்தில் இல்லை.

ரோட்ஸ்டரில் பின்பக்கமும் சரிசெய்யக்கூடியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாளாந்தம் எலைன்மென்டுக்கு வரும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் இரு சில்லுகளையும் இணைக்கும் ஒரே இரும்பு விட்டம்தான். திருப்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. அந்தப் பழக்கத்தில் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். இந்தக் காரில் நான்கு சில்லுக்கும் இரட்டை ஆர்ம், அதாவது சில்லை மேலும் கீழுமாகப் பிடித்திருக்கும் கைகள். ஒவ்வொரு கீழ் ஆர்மின் உள்முனையிலும் இரண்டு கேம் போல்ட்கள் இருக்கின்றன. போல்டோடு சேர்ந்த தட்டு மையம் விலகியது. போல்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும். பின்பக்கத்தில் இவை கம்பரையும் (சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) டோவையும் மாற்றும். முன்பக்கத்தில் கம்பரையும் காஸ்டரையும் (சில்லு திரும்பும் அச்சின் பின்சாய்வு) மாற்றும். முன் டோ மட்டும் டை ரொட்டில். மாஸ்டா 1989இல் இந்தக் காரை வெளியிட்டபோது, மலிவான இரண்டு இருக்கைக் காருக்கு இவ்வளவு ஒழுங்கான சஸ்பென்ஷன் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் மதிப்புத் தருகிற விஷயம். இந்தக் காரின் சுகம் முழுவதும் அந்த எட்டுக் கேம் போல்ட்களில் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தப் போல்ட்கள் புஷ்ஷின் (ஆர்மின் உள்முனையிலுள்ள இறப்பர் உறை) நடுவிலுள்ள இரும்புக் குழாய்க்குள் துருப்பிடித்து இறுகிவிடும். வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் காருக்கு அது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. நட் கழன்றாலும் போல்ட் திரும்பாது. நீண்ட குழாய் போட்டு இழுத்தால் ஒன்றில் போல்ட் முறியும், இல்லாவிட்டால் புஷ்ஷின் இறப்பர் கிழியும். எலைன்மென்ட் இடத்தில் வரிசையில் வாகனங்கள் காத்து நிற்கும்போது அதைத் தொட ஒருவரும் விரும்புவதில்லை. அவர்களை நான் முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். அது எலைன்மென்ட் வேலை இல்லை, கராஜ் வேலை. ஆனால் “பின்பக்கம் திரும்பவில்லை, முதலில் அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்” என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கையைத் தளர்த்தினால் இடப்பக்கம் போகிறது என்பது வேறு பழுது. இதைக் கோணலோடு குழப்பிக்கொள்வதால்தான் திருத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. பின் சில்லுகளின் கோணலால் மட்டும் கார் இழுக்காது. ஸ்டியரிங் தன் கோணலான இடத்தில் தானாக நின்று கார் நேராகவே போகும். இழுவைக்குக் காரணம் தனியாகத் தேட வேண்டும்.

முதலில் வீதி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காக வீதியின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். ஆகவே இந்த நாட்டில் பழுதே இல்லாத காரும் கையை விட்டால் கொஞ்சம் இடப்பக்கம் சரியும். சமதரையான பெரிய வெளியொன்றில், ஆளில்லாத நேரத்தில், ஒரே கோட்டில் போயும் திரும்பி வந்தும் பாருங்கள். இரு திசையிலும் காரின் இடப்பக்கமே இழுத்தால்தான் அது காரின் பழுது.

அடுத்து டயர். காற்றை 26 பிஎஸ்ஐ வையுங்கள். இந்தக் காருக்கு மாஸ்டா சொன்னது அதுதான். பெற்றோல் ஷெட்டில் கேட்காமலே முப்பதுக்கு மேல் அடித்துவிடுவார்கள். 940 கிலோ அளவுள்ள காருக்கு அது அதிகம்; கார் துள்ளும், நீங்கள் அதை ஸ்டியரிங் பழுது என்று நினைப்பீர்கள். பிறகு முன் இரு சில்லுகளையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை வலப்பக்கம் மாறினால் காரணம் டயர். ஒரே திசைக்கென்று செய்த டயராக இருந்தாலும் இந்தச் சிறு சோதனைக்குப் பாதகமில்லை, மழையில் மட்டும் வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன் மூப்படைந்துவிடுகிறது. பூ (டயரின் மேல்வெட்டு) நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

பிரேக்கும் பாருங்கள். சில கிலோமீற்றர் ஓடிவிட்டு, கடைசித் தூரத்தை முடிந்தளவு பிரேக் பிடிக்காமல் உருட்டி நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள்; உலோகத்தைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே கலிப்பர் (பிரேக்கை அழுத்தும் பகுதி) விடாமல் பிடிக்கிறது. இந்தக் காரில் பின் கலிப்பரின் ஹேன்ட்பிரேக் பகுதி இறுகிப்போவது அடிக்கடி காணும் பழுது.

இவற்றில் ஒன்றும் அகப்படாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் தாளில் இன்னொரு தடயம் இருக்கிறது. முன் காஸ்டர் வலது 4.7 பாகை, இடது 3.8. கம்பர் வலது மைனஸ் 0.8, இடது மைனஸ் 1.2. காஸ்டர் என்பது சில்லு திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. அது எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் கார் இழுக்கும். உங்களுக்கு இடப்பக்கம் 0.9 பாகை குறைவு. இழுவைக்கு இது போதும்.

இனிக் குழியை நினைத்துப் பாருங்கள். சில்லு விழுந்தபோது அடி முன்னிருந்து பின்னோக்கி. கீழ் ஆர்மின் வெளிமுனை பின்னே தள்ளப்படும்போது, உள்முனையிலுள்ள முன் போல்ட் வெளிப்பக்கமாக இழுபடும். அந்தக் கேம் போல்டின் நட் போதிய இறுக்கம் இல்லாமல் இருந்திருந்தால் தட்டு சுழன்றுவிடும். அப்போது ஆர்ம் பின் போல்டை மையமாக வைத்துத் திரும்பி, கீழ் போல் ஜொயின்ட் (ஆர்மின் வெளிமுனையைச் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) சற்றுப் பின்னாலும் சற்று வெளியாலும் போகும். பின்னால் போனால் காஸ்டர் குறையும். வெளியால் போனால் கம்பர் கூடுதல் மைனஸ் ஆகும். உங்கள் தாளில் இரண்டும் அதே சில்லில், அதே திசையில் நடந்திருக்கின்றன. ஒரே போல்ட் நழுவியது என்று நான் சந்தேகிப்பதற்குக் காரணம் இதுதான். அது நழுவும்போது டோவும் கூடவே மாறும். டயரின் உள்விளிம்பைத் தின்றது பெரும்பாலும் அந்த டோதான், 1.2 பாகைக் கம்பர் மட்டும் அவ்வளவு வேகமாகத் தேய்க்காது. உள்ளங்கையால் டயரைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். வாள் பல் போல் ஒரு பக்கம் வழுவழுப்பும் மறுபக்கம் கூர்மையும் தெரிந்தால் டோ. விளிம்பு மட்டும் மழுங்கிச் சீராகத் தேய்ந்திருந்தால் கம்பர்.

முதல் எலைன்மென்ட் இரண்டு கிழமை நின்றதும் இதனோடு ஒத்துப்போகிறது. அவர்கள் டை ரொட்டை மட்டும் திருப்பி ஸ்டியரிங்கை நேராக்கியிருப்பார்கள். தளர்ந்த கேம் அடுத்த குழியில் மறுபடியும் நகர்ந்திருக்கும். ஒரு அளவு நிலைக்காமல் நகர்ந்துகொண்டே இருந்தால் மூன்றாம் தடவை அளப்பதில் பயனில்லை. நகர்வது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நேரில் உறுதிப்படுத்துவது சுலபம். முன் இடக் கீழ் ஆர்மின் முன் கேம் தட்டைச் சுத்தம் செய்து பாருங்கள். தட்டில் கோடுகள் இருக்கும். வலப்பக்கத் தட்டோடு ஒப்பிடுங்கள். நழுவியிருந்தால் தட்டின் ஓரத்தில் துருவும் அழுக்கும் உரஞ்சுப்பட்டு இரும்பு புதிதாக மின்னும். அதே நேரத்தில் சில்லைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள். இரு பக்கமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ரொட் என்ட் அல்லது ரக் என்ட். மேலும் கீழுமாகப் பிடிக்கும்போது இருந்தால் போல் ஜொயின்ட் அல்லது பெயாரிங். ஒருவர் ஆட்ட இன்னொருவர் கீழே பார்த்தால்தான் எது அசைகிறது என்று வடிவாகத் தெரியும்.

இரும்பு ஏதும் வளைந்திருக்கிறதா என்ற பயம் உங்களுக்கு இருக்கும், நியாயமான பயம். அதற்கு இரண்டு சோதனை. இரு பக்கமும் முன் ஹப்பின் (சில்லு பூட்டப்படும் மையப் பகுதி) நடுவிலிருந்து பின் ஹப்பின் நடுவுக்கு அளந்து பாருங்கள். இந்தக் காருக்கு 2265 மில்லிமீற்றர். ஐந்து மில்லிமீற்றருக்குள் வித்தியாசம் என்றால் கேம் நழுவியதே அதற்குக் காரணமாக இருக்கலாம். பத்தைத் தாண்டினால் ஆர்மையோ சப்ஃபிரேமையோ (ஆர்ம்கள் பூட்டியிருக்கும் சட்டம்) சந்தேகப்பட வேண்டும். மற்றது, எலைன்மென்ட் இயந்திரத்தில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பி, சில்லு திரும்பும் அச்சின் உட்சாய்வையும் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் தாளில் அது இல்லை. அந்தச் சாய்வையும் கம்பரையும் மைனஸ் குறியோடு கூட்டினால் வரும் எண் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் நக்கிள் (சில்லைத் தாங்கித் திரும்பும் இரும்பு) வளையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. வேறுபட்டால் நக்கிளை மாற்ற வேண்டும். நக்கிளும் ஆர்மும் பஞ்சிகாவத்தையில் பழையதாகத் தேடலாம், நன்றாகப் பார்த்து வாங்கினால் தவறில்லை. போல் ஜொயின்டும் டை ரொட் என்டும் பழையது வாங்கவே வேண்டாம்.

திருத்தத்தை எலைன்மென்ட் இடத்தில் தொடங்காதீர்கள். முதலில் நிதானமான கராஜ் ஒன்றில் எட்டுக் கேம் போல்ட்களையும் ஒவ்வொன்றாக விடுவிக்கச் சொல்லுங்கள். சில நாட்களுக்கு முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவர வேண்டும். அப்படியும் வராத போல்டை ஆர்முக்கும் அது பூட்டியிருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெட்டி எடுத்துப் புதிய போல்டும் புஷ்ஷும் போடுவதுதான் நேரான வழி. பின்பக்கத்தில் போல்டைக் காஸ் நெருப்பால் சூடாக்க ஒருவரையும் விடாதீர்கள். இந்தக் காரின் பெற்றோல் டாங்கி இருக்கைகளுக்குப் பின்னால், அந்த வேலை நடக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிறது.

2020இல் வாகன இறக்குமதி நின்ற காலத்தில், இருக்கிற காரைக் காப்பாற்றுவது எப்படி என்று கொழும்பு முழுவதும் பழகிக்கொண்டது. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கியிருந்தாலும் உங்கள் காருக்கு மாற்றாக இன்னொன்று இலகுவில் வராது. இந்தப் போல்ட் வேலைக்குப் போகும் காசை வீண் என்று நினைக்க வேண்டாம்.

போல்ட்கள் சுதந்திரமாகத் திரும்பிய பிறகு நான்கு சில்லுக்கும் எலைன்மென்ட். பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. ஸ்டியரிங்கை நேராக அசையாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு இரு டை ரொட்களையும் திருப்ப வேண்டும். கார் இலேசானது என்பதால் வலப்பக்க இருக்கையில் உங்கள் எடை இருக்கட்டும், நீங்களே உட்கார்ந்தாலும் சரி. கொழும்பு வீதிக்கு நான் வைப்பது முன் கம்பர் மைனஸ் முக்கால் பாகை, பின் மைனஸ் ஒன்று, காஸ்டர் இரு பக்கமும் சமமாக நாலரையை ஒட்டி, முன் டோ மொத்தம் ஒரு மில்லிமீற்றர் உள்நோக்கி, பின் டோ மொத்தம் இரண்டு உள்நோக்கி. பின் சில்லு எந்தக் காரணம் கொண்டும் வெளிநோக்கி இருக்கக் கூடாது. ஈர வீதியில் வளைவுக்குள் பிரேக் பிடித்தால் பின்பக்கம் சொல்லாமல் வழுக்கும். உங்கள் கார் இன்றைக்கு ஓடுவது அந்த நிலையில்தான் என்பதால், திருத்தும் வரை மழையில் அதை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேம் நட்களை இறுதியாக இறுக்கும்போது கார் தன் சில்லில் நிற்க வேண்டும். தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இறுக்கியதும் ஒவ்வொரு தட்டிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு மூன்று கிழமை ஓடிய பின் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு அசையாமல் இருந்தும் இடப்பக்கம் இழுத்தால், டயர் இடம் மாற்றிய சோதனையில் என்ன நடந்தது என்பதையும் புதிய தாளையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.